பொதுப் புழக்கத்தில் ஒரு ஜாதகம்

சண்முகவடிவின் ஜாதகத்தை ஒரு கோப்புப் பகிர்வுக் கம்பெனி எடுத்துப் புழங்கத் தொடங்கியிருந்தது. அதிலிருந்த குரு பலன் தீர்ந்துபோன விஷயம், ஆடி கழிந்து, இனி வரன் பார்க்கலாம் என்று அவளுடைய அப்பா கோமதிநாயகம் ஜோசியரிடம் போனபோதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். போன தையில் அவரே சரிபார்த்துக் கொடுத்த கட்டம். அப்போது ஏழாம் வீட்டில் குரு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த இடத்தில், படத்தைக் கழற்றிய சுவரில் தெரிவதுபோல, வெளிறிய தடம் ஒன்றுதான் இருந்தது.

“அண்ணாச்சி, இத எங்கயும் ஏத்திவிட்டியளா?” என்று கேட்டார்.

“மதுரைத் தரகருக்கு அனுப்பதுக்காக ஏத்துனேன். லிங்க் போட்டு அனுப்புங்கன்னாரு.”

“அப்பம் சரி. யாரோ எடுத்து உபயோகிச்சிருக்காவ. இப்பல்லாம் வாரதுல பாதி இப்படித்தான் வருது.” ஜோசியர் கட்டத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார். தட்சிணையை வாங்க மறுத்துவிட்டார். இல்லாத கிரகத்தைப் பார்த்துச் சொன்னதற்குக் கை நீட்டக் கூடாதாம்.

கோமதிநாயகம் வெளியே வந்து குடையை விரித்தார். தென்காசியில் சாரல் விடுகிற மாதிரி இல்லை. மகளுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது. இந்தக் குருவை நம்பித்தான் அவர் இத்தனை நாள் தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தார்.

இதில் அவரை நோகடித்தது இன்னொன்று. அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஆயுள் முழுக்க அடுத்தவர் சொத்துக்கு எல்லை எழுதியவர். எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். வாங்குகிறவர் கொட்டாவி விடுவார், விற்கிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சாட்சிக்கு வந்தவர் டீ குடிக்க நழுவிவிடுவார். இவர் பாட்டுக்குக் கிழமேல் எத்தனை அடி, மரம் மட்டை யாருக்கு, தண்ணீர் போகும் பாதை எது என்று வாசித்துக்கொண்டே இருப்பார். நாயகம்பிள்ளையிடம் பத்திரம் எழுதப் போனால் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போ என்று ஊரில் கேலி உண்டு.

அப்பேர்ப்பட்ட மனுஷன் படிக்காமல் சம்மதம் கொடுத்தார் என்றால், அதற்குக் காரணம் ராகு. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். கல்யாணக் காரியத்துக்கான ஜாதகம் ராகு காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பலாமா? கணினி மையத்தில் ஸ்கேன் எடுப்பதற்குள்ளேயே பத்தே கால் தாண்டிவிட்டது. கம்பெனியின் விதிமுறைகள் திரையில் வந்து நின்றன. அவர் விரலால் தள்ளினார். அது கிணற்றுக் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அடி தெரியவில்லை. நெற்றியில் வேர்த்தது. “படிச்சிட்டேன், சம்மதம்” என்ற கட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். ஜாதகம் நல்ல நேரத்திலேயே கிளம்பிப் போய்விட்டது. அன்று முழுக்க அவருக்கு ஒரு நிம்மதி.

அவர் தட்டிய அந்த நேரத்தில் சண்முகவடிவு ஆஸ்பத்திரி லேபில் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கோவில்பட்டியிலிருந்து, முன்பின் தெரியாத குடும்பம். பெண்ணின் பெயர் கார்த்தியாயினி. பத்திரிகைக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. உங்கள் மகளுடைய குருவைத்தான் எங்கள் பெண்ணுக்கு எடுத்துக்கொண்டோம், அவசியம் குடும்பத்தோடு வந்து வாழ்த்த வேண்டும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

“போகாம இருந்தா நல்லா இருக்காது,” என்றாள் கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாள். “என்ன இருந்தாலும் நம்ம வீட்டு யோகம்லா?”

மூன்று பேரும் போனார்கள். ஆவுடையம்மாள் மகள் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டாள். மண்டபத்தில் போய் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தாள். பெண்ணின் அம்மா அதைப் பார்த்து, ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டு அவளுக்கும் இடம் விட்டாள். தாலி கட்டும்போது இரண்டு அம்மாக்களும் சேர்ந்தே அழுதார்கள்.

வடிவு மேடைக்குப் போனதும் மணப்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உங்க குரு ரொம்ப நல்ல குரு. நாலு வருஷமா தட்டிப்போய்க்கிட்டே இருந்துச்சு. எடுத்த மறுவாரமே முடிஞ்சிருச்சு.”

“நல்லா இருங்க,” என்றாள் வடிவு.

மாப்பிள்ளை நல்ல உயரம். வடிவுக்குப் பொருத்தமான உயரம். கோமதிநாயகம் அதைக் கவனிக்காதவர்போலப் பந்திக்குப் போனார். பாயசத்தை அவரால் தொட முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், வடிவு ஒன்றே ஒன்று சொன்னாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அப்பா.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு கிரகங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் புதன் வீட்டில் தங்கவே இல்லை. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் எடுத்து உபயோகித்தார்கள் போலிருக்கிறது. அந்த நாட்களில் வடிவு லேபில் குழாய்களின்மேல் பெயர் எழுதும்போது தடுமாறினாள். தன் இனிஷியலே மறந்துபோய்த் தோழியிடம் கேட்டாள். தேர்வு முடிந்து புதன் திரும்பி வந்தபோது ஓரங்கள் மழுங்கியிருந்தன. மார்கழியில் ஒரு வாரம் சந்திரன் போனது. அந்த வாரம் அவளுக்குத் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆவுடையம்மாள் அவளுக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். தின்றாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, சூடாக இருக்கிறது என்றாள்.

கம்பெனி நன்றி கெட்டதில்லை. மாதா மாதம் கடுதாசி மாதிரி ஒரு மின்னஞ்சல் போடும். உங்கள் உள்ளடக்கம் பலருக்கும் பயன்பட்டிருக்கிறது, எங்கள் சேவையை மேம்படுத்தியதற்கு நன்றி என்று எழுதி, கீழே கை கூப்புகிற படம் ஒன்றும் போட்டிருக்கும். தை மாதம் வந்த மின்னஞ்சலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அடுத்தபடியாக எட்டாம் வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

ஜாதகத்தில் எட்டாம் வீடு ஆயுள். கோமதிநாயகம் அந்த வரியைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

கம்பெனியின் கிளை திருநெல்வேலியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. பொறுப்பில் இருந்த அம்மாவின் பெயர் ஜெசிந்தா. நல்ல மாதிரி. எழுந்து நின்று வரவேற்று, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“எம்மவ ஜாதகத்த அழிச்சிரணும்மா,” என்றார் கோமதிநாயகம்.

“தாராளமா அழிக்கலாம் சார். ஆனா அழியுறது உங்க கிட்ட இருக்கிற பிரதிதான். எங்க கிட்ட உள்ளது இருக்கும். நீங்க கொடுத்த உரிமம் உலகம் பூராவும் செல்லும், திரும்ப வாங்க முடியாது. பரவால்லயா?”

“எங்க பிரதி அழிஞ்சா அவ எப்படி இருப்பா?”

“அதான் நாங்க யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல.”

அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். “இந்த ஆயுள் சமாச்சாரம் நான் சம்மதிச்ச அன்னிக்கு இருந்த மாதிரி தெரியலயே.”

“இல்லதான் சார். கார்த்திகையில விதிமுறைய மாத்துனோம். மாத்துனதுக்கு அப்புறமும் தொடர்ந்து பயன்படுத்துனா, அதுவே சம்மதம்னு அர்த்தம்.” ஜெசிந்தா திரையைப் பார்த்துவிட்டு, “உங்க மக இன்னும் அந்த ஜாதகத்துலதானே இருக்காங்க?” என்று கேட்டார்.

“ஆமா. வேற எதுல இருப்பா?”

“அப்ப தொடர்ந்து பயன்படுத்துறாங்க.”

சரியான பத்திரம் என்று அவருடைய தொழில் மூளை உள்ளுக்குள் சொன்னது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆயுள் யாருக்குப் போகிறது என்று கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு பெரியவர், பேத்தியின் பேறுகாலம் வரைக்குமாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாராம். நல்ல மனிதர், கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்.

கோமதிநாயகம் விதிமுறைகளை அச்செடுத்துத் தரச் சொன்னார். அங்கேயே, பல் பிடுங்க வந்தவர்களின் முனகல் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருக்க, முதல் வரியிலிருந்து வாசித்தார். சாப்பாட்டு நேரம் போனது. ஜெசிந்தா தன் டப்பாவிலிருந்து தயிர்சாதம் பங்கு வைத்துக் கொடுத்தார். வெயில் சாய்ந்த பிறகு அவர் ஒரு இடத்தில் விரலை ஊன்றினார்.

“இந்தா பாருங்க. ஏத்துறவரு, சம்பந்தப்பட்ட ஆளு சம்மதத்த வாங்கியிருக்கிறதா உறுதி சொல்லணும்னு போட்டிருக்கு. நான் வாங்கல. அவகிட்ட கேக்கவே இல்ல. அப்பம் இந்த உரிமம் செல்லாது.”

“செல்லாது சார்,” என்று ஜெசிந்தா உடனே ஒப்புக்கொண்டார். “அவங்க நேர்ல வந்து, எங்கிட்ட கேக்கலன்னு வாயால சொன்னாப் போதும். முழு ஜாதகத்தையும் திருப்பிக் கொடுத்திருவோம். குருவைக்கூட எப்படியாவது வரவழைச்சிருவோம். ஆனா உறுதி சொன்னது நீங்க. கம்பெனிக்கு வர்ற நஷ்டத்த நீங்கதான் ஈடுகட்டணும். அதுக்கு உங்க ஜாதகம் வரும்.”

“எடுத்துக்கோங்க. அதுல என்ன கிடக்கு? வழிச்சுப் பாத்தாலும் ஒண்ணும் தேறாது.”

“முழுசா எடுப்போம் சார். பிறந்த நேரத்தோட. நீங்க பிறந்தே இருக்க மாட்டீங்க.”

“எம்மவளுக்கு?”

“வேற அப்பா ஏற்பாடு பண்ணிருவோம். எங்க கூட்டு நிறுவனத்துல நிறைய பேர் இருக்காங்க.”

நல்லவராகப் பார்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். பஸ் நிலையத்தில் ஒரு பாக்கெட் அல்வா வாங்கினார். இனி வாங்க முடியாது என்பதால், கூட ஒரு பாக்கெட்டும் வாங்கினார்.

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். மறு செவ்வாய் மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். கோமதிநாயகம் பாவூர்சத்திரம் தாண்டும்வரை அவளுக்குப் பாடம் நடத்தினார். “அந்தம்மா கேக்கும். கேக்கலன்னு சொல்லணும். அவ்வளவுதான். உள்ளத உள்ளபடி சொல்லதுக்கு என்னம்மா கூச்சம்?” ஆவுடையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, புதிதாக வரப்போகிறவருக்குக் காப்பி எப்படிப் பிடிக்குமோ என்ற கவலையில் இருந்தாள். அந்தக் கவலை வந்ததற்காகவே அவள் கண்ணீர் விட்டாள்.

ஜெசிந்தா வடிவை எதிரே உட்காரவைத்தார். “உங்க அப்பா உங்க ஜாதகத்த ஏத்துறதுக்கு முன்னாடி உங்க சம்மதத்தக் கேட்டாரா?”

வடிவு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு சாட்சியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றும் அவர் சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தது. கை நீட்டி அதைச் சரிசெய்துவிட்டாள்.

“கேட்டாவ,” என்றாள். “நான்தான் சரின்னு சொன்னேன்.”

“பொய்!” என்று கத்தினார் கோமதிநாயகம். “பொய் சொல்லுதா! நான் கேக்கல, ஒரு வார்த்தை கேக்கல! ஏட்டி, உண்மையச் சொல்லுட்டி!” பெரிய மனுஷன், மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கீழே ஆஸ்பத்திரியில் முனகிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள்.

“சம்பந்தப்பட்டவங்க சொல்றதத்தான் சார் நாங்க எடுத்துக்கணும்,” என்றார் ஜெசிந்தா. டீ வரவழைத்தார். பிறகு, ஆயுள் போனாலும் வெறுங்கையோடு யாரையும் அனுப்புகிற வழக்கம் இல்லை என்று சொன்னார். இலவசமாக ஒரு ஆயுள் உண்டு. விளம்பரத்தோடு வரும். பழையதைவிட நீளமாகவே ஓடுகிறதாகச் சொல்கிறார்கள்.

அதற்கும் விதிமுறைகள் திரையில் வந்தன. கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். இருட்டுகிற வரைக்கும் படித்தார். அலுவலகத்தைப் பூட்டாமல் ஜெசிந்தா காத்திருந்தார். ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிந்தது. கடைசியில், படிக்காதவர்களுக்கு இருக்கிற அதே ஒரே பொத்தான்தான் அவருக்கும் இருந்தது. வடிவே அதை அழுத்தினாள்.

புது ஆயுள் வீட்டில் பழகிவிட்டது. வடிவு பேசிக்கொண்டே இருப்பாள். சட்டென்று நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, சிமெண்டைப் பற்றியோ பிரஷர் குக்கரைப் பற்றியோ தெளிவான குரலில் சொல்லுவாள். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சில சமயம் விட்ட இடம் கிடைக்காது. லேபில் ஊசி குத்துகிற நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டால், நோயாளிகள் கையை நீட்டியபடியே பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் குக்கரே வாங்கிவிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பெரியவர் சௌக்கியமாக இருப்பதாகக் கார்டு போட்டிருந்தார்.

கோமதிநாயகத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. தன்னைக் காப்பாற்றுவதற்கு இவளுக்கு என்ன தலையெழுத்து என்று மனசுக்குள் கிடந்து அறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொதிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டேவிட்டார். “ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்ன?”

வடிவு சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் பழைய முகமாக இருந்தது.

“அப்பா, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா...”

அங்கே நின்றுவிட்டது. முதுகு நிமிர்ந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு கைகளையும் மடித்து, எதையோ ஏந்திக்கொள்வதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கைக்குழந்தைகளுக்கான சோப்பு. சந்தன எண்ணெயும் பாலும் சேர்ந்தது, கண்ணில் பட்டாலும் எரியாது, பிறந்த அன்றிலிருந்தே தேய்க்கலாம் என்று அவள் சொன்னாள். நடுவில் ஒருமுறை குனிந்து, கைகளுக்குள் இருந்ததை முகர்ந்து பார்த்தாள். ஆவுடையம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்றாள். கோமதிநாயகம் காய்கிற கையோடு, விளம்பரம் முடிவதற்காகக் காத்திருந்தார்.

முடிந்தது. வடிவு கைகளை இறக்கவில்லை.

“சொல்லும்மா,” என்றார் அவர்.

“மெதுவா பேசுங்க அப்பா,” என்றாள் வடிவு. “இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

ஆவுடையம்மாள் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய், மின்விசிறியைக் குறைத்தாள்.